புதுப்பிப்பு: குறட்டை, பைகார்பனேட், கருவாடு

குறட்டையும் பகல் தூக்கமும் உள்ள பருமனானவர்கள் ரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் அளவைப் பாருங்கள் என்று போன வாரம் இந்த இழையில் எழுதியிருந்தோம். "27க்கு மேல் வந்தால் என்ன செய்ய?" என்று தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

லிட்டருக்கு 27 மில்லிமோலைத் தொட்டாலே, ராத்திரி மட்டுமில்லாமல் பகலிலும் கரியமில வாயு தேங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தேங்கும் வாயு ரத்தத்தில் அமிலமாகும்; அந்த அமிலத்தை ஈடுகட்டத்தான் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்து வைக்கிறது. அடுத்தது மணிக்கட்டுத் தமனியில் எடுக்கும் ரத்த வாயுப் பரிசோதனை. அதில் கரியமில வாயு அழுத்தம் 45 mmHg-ஐத் தாண்டினால் தேக்கம் உறுதி. ஆனால் உடம்பு நீரைச் சிறுநீராக இறக்கும் ஃபுரோசமைடு மாத்திரையும் ஓயாத வாந்தியும்கூட பைகார்பனேட்டை ஏற்றிவிடும். மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

போன வாரம் விட்டுப்போனது ரத்தத்தில் உள்ள பொட்டாசியம். ஃபுரோசமைடோடு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் நெபுலைசரும் அடிக்கடி ஓடினால் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். ரொம்ப இறங்கினால் மூச்சுத் தசையே தளரும். பொட்டாசியம் மருந்து கொடுத்தும் ஏறவில்லையா, மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் உள்ள இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறோ, பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

காசிமேட்டுக் கருவாட்டை, தயவுசெய்து, குறையுங்கள். உப்பால் காலில் கோத்த நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்கும்.

தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபேப் கருவியின் தண்ணீர்த் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம்ம பக்கத்து போர் தண்ணீர் ஊற்றினால் அடித்தட்டில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படியும்.