ரீஸ்டோர் செய்த பிறகு தமிழ் மட்டும் கேள்விக்குறியாக வருகிறது

கேள்வி

எங்கள் ஊர் வாசகசாலையின் புத்தகப் பட்டியலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய சர்வரில் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8.0. அதில் டம்ப் (முழுத் தரவின் நகல் ஃபைல்) எடுத்து, அதே வகை டேட்டாபேஸான மரியாடிபி 10 உள்ள புதிய சர்வரில் ஏற்றினேன். கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) தெரியாது என்று முதலில் நின்றுவிட்டது. ஃபைலில் '0900_ஏஐ_சிஐ' என்று வரும் இடங்களை 'யூனிகோட்_சிஐ' என்று மாற்றியதும் ஏறிவிட்டது. எண், தேதி, ஆங்கிலப் பெயர் எல்லாம் சரி. தமிழ்த் தலைப்புகள் மட்டும் ??????. டம்ப் ஃபைலைத் திறந்தால் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டியலைக் காட்டும் பிஎச்பி கோடில் கை வைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டுமா?

பதில்

ஏற்றும்போது கேரக்டர் செட்டை (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையை) குறிப்பிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

பதில்

மறுபடி ஏற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். டம்பின் தலையிலேயே எந்தக் கேரக்டர் செட் என்று சொல்லும் 'செட் நேம்ஸ்' வரி இருக்கும், ஏற்றும்போது அது பார்த்துக்கொள்ளும். உங்கள் தமிழ் பத்திரமாக உள்ளே இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒரு தலைப்பை ஹெக்ஸ் ஃபங்ஷன் போட்டு, உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பாருங்கள். யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் தமிழ் உயிர், மெய், துணைக்குறி ஒவ்வொன்றின் குறியீடும் மூன்று பைட். 'க' என்றால் ஈ0 ஏஈ 95. இப்படி ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று வந்தால் தரவு நலம். 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் அது நிஜமான கேள்விக்குறி. அட்டவணையின் அந்த வரியில் தமிழ் போய்விட்டது.

நலம் என்றால் கோளாறு பிஎச்பிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவிலான இணைப்பில். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பி, சர்வரின் இயல்பு கேரக்டர் செட்டையே எடுத்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் 8.0இல் அது யுடிஎஃப்8எம்பி4, அதாவது முழு யுடிஎஃப்-8. மரியாடிபி 10இல் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 ஆக இருக்கலாம். லத்தீன்1இல் தமிழுக்கு இடமே இல்லை, அதனால் சர்வர் கேள்விக்குறியாக மாற்றி அனுப்புகிறது. கனெக்ட் செய்யும் வரிக்கு அடுத்து 'செட் சார்செட்' கொடுத்து யுடிஎஃப்8எம்பி4 என்று சொல்லுங்கள்.

அதுவரை யாரும் திருத்தும் பக்கத்தைத் திறந்து 'சேமி' அழுத்தக் கூடாது. இதை இப்போதே வாசகசாலைக்குச் சொல்லிவிடுங்கள். அலமாரி எண்ணை மட்டும் மாற்றினாலும், படிவத்தில் தெரியும் கேள்விக்குறிகள் தலைப்பாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

கேட்டவர்

ஈ0 ஏஈ தான் வந்தது! அந்த ஒரு வரி போட்டதும் தலைப்புகள் திரும்பிவிட்டன, மிக்க நன்றி அண்ணா. ஆனால் இன்று மாலை நூலகர் திருத்திய சில வரிகளில் 3எஃப்தான் இருக்கிறது. இன்று புதிதாகச் சேர்த்த புத்தகங்களோ காலையில் ஒழுங்காகத் தெரிந்தன, இப்போது ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன.

பதில்

புதியவை லத்தீன்1 இணைப்பு வழியாக இரண்டு முறை யுடிஎஃப்-8 ஆக மாற்றப்பட்டு ஏறியவை. கொஞ்சம்தான் என்றால் திரும்பத் தட்டிவிடுவதே சுலபம். 3எஃப் வரிகளுக்கு, அதே டம்பை வேறு பெயரில் ஒரு தனி டேட்டாபேஸாக ஏற்றுங்கள். புத்தக எண்ணை வைத்து இரண்டையும் இணைத்து, அந்த வரிகளின் தலைப்பு, ஆசிரியர் பத்திகளை மட்டும் அப்டேட் செய்யுங்கள். முழு வரியையும் மாற்றினால் நூலகர் இன்று போட்ட அலமாரி எண்கள் அழிந்துவிடும்.