1949 பற்றி ஆயாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

சாட்ஸ்வொர்த்காரன்:
மகளுக்குப் பள்ளியில் வரலாற்று வேலை. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே கலவரம் வெடித்த 1949 ஜனவரியில், எங்கள் ஆயா அங்கே கேட்டோ மேனர் பகுதியில் எட்டு வயதுச் சிறுமி. "அடுப்பில் பருப்பு கொதித்தது, இறக்கக்கூட நேரமில்லை, ஓடினோம்" என்பார். அதோடு சரி. மகளின் தோழி ஒருத்தி ஸூலு பெண். அவள் தாத்தாவும் அதே இடம்தான், அவர்கள் ம்கும்பானே என்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் பிள்ளைகளுக்கு ஆசை. எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

பழைய டர்பன்:
விடுங்கள் தம்பி. ஆறின புண்ணை ஏன் கிளறுவானேன்? 2021 ஜூலைக் கலவரத்தில் நம்மவர் பகுதியான பீனிக்ஸில் பட்டது போதாதா?

ஏடு புரட்டுபவள்:
பீனிக்ஸைப் பார்த்தால் ஆறின மாதிரி தெரியவில்லையே அண்ணா.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். 1949-ல் இறந்தவர்கள் 142 பேர்: ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50, வெள்ளையர் ஒருவர், இன்னார் என்று தெரியாதவர் நால்வர். பலகையில் எழுதினால், "மிஸ், எண்கள் இடம் மாறிவிட்டன" என்பார்கள் நம் பிள்ளைகள். அந்த 87 பேரில் பலர் போலீஸ், ராணுவத் துப்பாக்கிக்கு விழுந்தவர்கள். இது நம் வீடுகளில் பேச்சிலேயே வராது. விசாரணைக் கமிஷனிலும் ஆப்பிரிக்கர் காங்கிரஸ், இந்தியர் காங்கிரஸ் இரண்டு கட்சிகளின் வக்கீல்களையும் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை, அவர்கள் வெளியேறிவிட்டார்கள். ஆயாவும் அந்தத் தாத்தாவும் இப்போது சொன்னால்தான் உண்டு.

ஆனால் ஒரே மேசை இப்போதே வேண்டாம். தனித்தனியாகப் பேசுங்கள். கலவரத்தில் தொடங்காதீர்கள், வாடகையில் தொடங்குங்கள். அங்கே நிலம் பெரும்பாலும் நம்மவர் கையில். குடிசை போட்டு வாடகை கொடுத்தது ஆப்பிரிக்கர். பஸ், கடைகளும் பெரும்பாலும் நம்மவருடையவை. அப்புறம் ஒருவர் பதிவை மற்றவர் கேட்கட்டும். மேசை வேண்டுமா என்று அவர்களே சொல்வார்கள்.

பழைய டர்பன்:
87 எனக்குத் தெரியாது, டீச்சர். நான் கேட்டு வளர்ந்தது வேறு கணக்கு.

சாட்ஸ்வொர்த்காரன்:
நேற்று வாடகையைக் கேட்டேன். "பின்னால் நாலு குடிசை, வாடகை வாங்கினது எங்கப்பா" என்று விரல் விட்டு எண்ணினார் ஆயா. நாலாவது விரலில் நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது பருப்புச் சட்டி இறக்கி, மூடி வைத்திருந்ததாம். அந்த நாலாவது குடிசைக்காரி செய்தது. இத்தனை வருடத்தில் எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை.

பதிவைத் தாத்தாவுக்கு அனுப்பியாயிற்று. இரண்டு முறை கேட்டாராம். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.