டாப் ஸ்டேஷனுக்கு ரயில் வந்த காலம்

போன மாதம், மூணாறுக்கு அப்பால் தமிழக-கேரள எல்லை மலையுச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷன் போயிருந்தேன். டீக்கடையில் நின்ற ஒரு குடும்பம், "ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேட்க, கடைக்காரப் பெரியவர், "ரயில் வந்துச்சும்மா, நெசமாத்தான்" என்றார். அவர்கள் நம்பவில்லை. நான் போடிக்காரன் (போடிநாயக்கனூர்), சும்மா இருக்க முடியுமா? தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக இந்த உச்சிவரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பாரத்தைத் தாங்குவது அந்த ஒரே தண்டவாளம்தான். வண்டி சாயாமலிருக்கப் பக்கத்தில் ஒரு சக்கரம் தரையில் உருளும். இழுத்தவை மாடுகள்! 1908-இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி என்ஜின் விட்டார்கள். அதுதான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே.

எல்லாம் தேயிலைக்காக. இங்கே இறக்கிய பெட்டிகள் ரோப்வேயில் மலைக்குக் கீழே இருக்கும் கொட்டகுடிக்குப் போகும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. போடிக்கே ரயில் வந்தது 1928-இல்தான் என்பதால், அந்த நாளில் அதற்கப்புறமும் வண்டிப் பயணம்தான். கடைசியில் தூத்துக்குடியில் கப்பலேறி இங்கிலாந்து போகும். மூணாறுத் தேயிலை கொச்சிப் பக்கம் போகாமல் எங்கள் ஊர் வழியாக இறங்கியது என்று சொன்னால் இன்றைக்குப் பலருக்கு ஆச்சரியம். மேலே கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன சனங்கள். அவர்களின் உழைப்பு இந்தக் கதையில் காணாமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

1924 ஜூலையில் பெருமழை. கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள், மலையாளக் கணக்கில் அது கொல்லம் ஆண்டு 1099. மண்ணும் மரங்களும் சரிந்து மாட்டுப்பட்டிப் பக்கம் ஆற்றை அடைத்து, தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு மூணாறில் பாய்ந்தது. பாதை அடித்துப்போனது. திரும்பப் போடவேயில்லை.

பெரியவர் என்னைக் கூட்டிப்போய், ரோப்வே கட்டுமானத்தின் எச்சத்தைக் காட்டினார். புதர் மண்டிக் கிடக்கிறது. நான் பார்த்தவரை விவரப் பலகை எதுவும் இல்லை. ஒன்று வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போகிறவர்கள் மூணாறு டீ மியூசியத்தில் அந்த ரயிலின் சக்கரத்தைப் பாருங்கள். பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனி அலுவலகம். உங்கள் தாத்தா, பாட்டி யாராவது எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்திருந்தால், ரயிலைப் பற்றி அவர்கள் சொன்னது எதுவானாலும் எழுதுங்கள்.