குழந்தையின் மழலைப் பேச்சைத் திருத்த வேண்டுமா?

கேள்வி: மதுரைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்றரை வயது ஆகிறது. அவள் வாய் திறந்தாலே வீடு கலகலப்பாகிவிடுகிறது. நான் என் கணவரைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "என்னங்க, தோசை ஆறுது, வாங்க" என்று தன் அப்பாவை அழைக்கிறாள். பெரியவர்களைப் பற்றி "வந்தாங்க, போனாங்க" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று என் மாமியார் பழக்கிவிட்டதால், "பஸ் வந்துட்டாங்க", "இட்லி வெந்துட்டாங்க" என்று எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுக்கிறாள். "நேத்து" என்பதில் அவளுக்குக் கடந்த காலம் முழுவதும் அடங்கிவிடுகிறது. போன பொங்கலும் நேற்றுதான், இன்று காலையும் நேற்றுதான்.

எனக்கு இரண்டு கவலைகள் இருக்கின்றன. உறவினர்கள் வரும்போதெல்லாம் "அந்த இட்லிக் கதையைச் சொல்லு" என்று அவளை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள்; அவள் என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். என் மாமனாரோ, பள்ளியிலும் இப்படியே பேசிவிடுவாள் என்று அஞ்சி, அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறார். திருத்துவது சரிதானா? இந்தப் பேச்சுகளை மறந்துபோகாமல் எப்படிப் பதிவு செய்து வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மொழியியல் ஆய்வு மாணவர்

சகோதரி, உங்கள் மகள் சொல்வதைப் பிழை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது "ஆங்க" சேர்க்க வேண்டும் என்ற விதியை அவள் கண்டுபிடித்துவிட்டாள்; அந்த விதி எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் அக்காள் மகன் ஒரு காலத்தில் "நான் பூனையத் தொடுத்தேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். "தொட்டேன்" என்ற பொருளில் அப்படி யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எடு என்பது எடுத்தேன் என்றும், கொடு என்பது கொடுத்தேன் என்றும் ஆவதைக் கவனித்து, தொடு என்பதையும் அவனாகவே அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் குழந்தைக்கு இது வராது.

அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உலகத்தில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு "வக்" என்று பெயர் சொல்லி, பிறகு அதே பிராணி இரண்டு இருக்கும் படத்தைக் காட்டியபோது, சின்னஞ்சிறு குழந்தைகள் "வக்ஸ்" என்று பன்மையாக்கினார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே முடியாது.

ஆகவே நிறுத்தித் திருத்த வேண்டியதில்லை. அவள் "இட்லி வெந்துட்டாங்க" என்றால், "ஆமாம் கண்ணு, இட்லி வெந்துடுச்சு, தட்டுல எடுத்து வைக்கலாமா?" என்று பேச்சைத் தொடருங்கள். சரியான வடிவம் அவள் காதில் விழும். அவள் சொல்ல வந்ததும் அறுபடாது.

பதில்: அங்கன்வாடி ஆசிரியை

அம்மா, திருத்துவதைவிடச் சிரிப்பதுதான் எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. குழந்தை வேடிக்கைக்காகப் பேசுவதில்லை. தான் யோசித்துக் கண்டதை முழு நம்பிக்கையோடு சொல்கிறது. அதைக் கேட்டு மகிழ்ந்து சிரிப்பது வேறு, மறுபடி சொல்லச் சொல்லிக் கூட்டமாகச் சிரிப்பது வேறு. இரண்டாவதைக் குழந்தைகள் உடனே கண்டுகொள்கிறார்கள்.

எங்கள் மையத்தில் ஒரு நாள் காலையில் நிலாவுக்காக ஒரு சண்டை நடந்தது. "நிலா எங்க கூடவே நடந்து எங்க வீட்டுக்கு வந்துச்சு டீச்சர்" என்றான் ஒரு பையன். "பொய் சொல்றான், எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு" என்று பக்கத்திலிருந்த சிறுமி அழவே தொடங்கிவிட்டாள். நடந்தால் நிலாவும் கூடவே நடக்கிறது என்று ஜெனீவாக் குழந்தைகளும் சொன்னதை உளவியல் அறிஞர் ழான் பியாஜே பதிவு செய்திருக்கிறார். நம் பிள்ளைத்தமிழில் நிலவை விளையாட அழைப்பதற்கென்றே அம்புலிப் பருவம் என்று ஒன்று இருக்கிறது. அன்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "ரெண்டு வீட்டுக்கும் எப்படிடா வந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். அவன் சட்டைப் பித்தானைத் திருகியபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எங்க வீட்ல சாப்பிட்டுட்டு இவ வீட்டுக்குப் போயிருக்கும்" என்றான். அந்தச் சிறுமி அழுகையை நிறுத்திவிட்டு, "எங்க வீட்லயும் சாப்பிட்டுச்சு" என்றாள்.

உறவினர்கள் கேட்கும்போது, "அவளுக்கே தோணும்போது சொல்லுவா" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பதில்: பேத்தியின் தாத்தா

எழுதி வைப்பது பற்றி நான் சொல்கிறேன் அம்மா. சார்லஸ் டார்வின் தம் மூத்த மகனின் குழந்தைப் பருவத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்து, 37 ஆண்டுகள் கழித்து, 1877-இல் அதிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வயதில் அந்தக் குழந்தை உணவுக்குத் தானே உண்டாக்கிய சொல் "மம்" என்று அதில் இருக்கிறது. நம் வீடுகளில் சோற்றை "மம்மு" என்று சொல்லி ஊட்டும் எனக்கு அதைப் படித்தபோது பெரும் வியப்பு. பிறகு சர்க்கரைக்கு "ஷு-மம்" என்றும், கறுப்பு நிற அதிமதுர மிட்டாய்க்கு "பிளாக்-ஷு-மம்" என்றும் அவன் சொற்களைக் கோத்துக்கொண்டே போனானாம். உடனுக்குடன் எழுதியிராவிட்டால் இந்த வரிசை கிடைத்திருக்குமா?

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். குழந்தை சொன்னதை அதன் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். நம் நடைக்கு மாற்றினால் சுவை போய்விடும். வயதையும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழங்கால் வலியில் நான் படியேறச் சிரமப்பட்டபோது என் பேத்தி, "நான் பெரிசானதும் நீ குட்டியாயிடுவ இல்ல தாத்தா, அப்ப உன்ன இடுப்புல தூக்கிக்கிறேன்" என்றாள். முழங்கால் வலியைக் குறிக்காமல் விட்டிருந்தால், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது பிறகு யாருக்கும் விளங்காது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பதை நான் விரும்புவதில்லை. அதைப் பார்த்ததும் குழந்தை நடிக்கத் தொடங்கிவிடுகிறது.

மதுரைத் தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவை எல்லாவற்றையும் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். நோட்டுப் புத்தகத்தைத் தாமே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அங்கன்வாடி அம்மாவிடம் ஒரு கேள்வி: அவள் "மரம்" என்பதை "மலம்" என்கிறாள். இதையும் விட்டுவிடலாமா?

அங்கன்வாடி ஆசிரியை

ரகரமும் ழகரமும் பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். இந்த வயதில் அதற்காக அஞ்ச வேண்டாம். வெளியாட்களுக்கும் அவள் பேச்சில் பெரும்பகுதி புரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். புரியவில்லை என்றாலோ, பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, காத்திருக்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செவித்திறனைப் பரிசோதித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதைச் செய்கிறார்கள்.