உரிந்ததா, உரிக்கப்பட்டதா, இழந்ததா?

அக்கா, வணக்கம்.

சூப்பர்நோவா (விண்மீன் வெடிப்பு) பற்றிய உங்கள் தமிழ்க் கலைச்சொற் பட்டியலில், வெளியடுக்கான உறையை வெடிக்குமுன்பே இழந்த விண்மீனின் வெடிப்பை ‘உறை உரிக்கப்பட்ட சூப்பர்நோவா’ என்று எழுதியிருக்கக் கண்டேன். ‘உரிக்கப்பட்ட’ என்றதுமே உரித்தது யார் என்ற கேள்வி எழுகிறது. ரம்புத்தானை நாம் உரிக்கிறோம். பாம்போ தானே சட்டை உரிக்கிறது. இங்கே இரண்டுக்கும் இடமுண்டு: துணை விண்மீன் உறையைப் பறித்திருக்கலாம், விண்மீனிலிருந்து வீசும் அதன் சொந்தக் காற்றிலேயே உறை கரைந்தும் போயிருக்கலாம். 1993ஜே என்ற சூப்பர்நோவாவுக்குத் துணை இருந்ததற்கான தடயம் 2004-இல் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அப்படிச் சாட்சி அகப்படாது. ஆகவே ‘உறையிழந்த’ போதும். எவ்வளவு இழந்தது என்பதை வகைப்பெயர் சொல்லிவிடும்: ஹைட்ரஜன் கொஞ்சம் ஒட்டியிருந்தால் 2பி, ஹீலியம் மட்டும் தெரிந்தால் 1பி, இரண்டுமே தெரியாவிட்டால் 1சி.

பட்டியலில் உள்ள, வெடிப்பின் ‘முதல் ஒளி’யை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதிர்ச்சி அலை மேற்பரப்பைக் கிழித்து வெளிவருவது ‘அதிர்ச்சிப் பீறல்’. 2008டி என்ற சூப்பர்நோவாவில் அது சில நிமிட எக்ஸ்-கதிர் வீச்சு. அதே விண்மீன் மண்டலத்தில் வேறொரு சூப்பர்நோவாவை ஸ்விஃப்ட் விண்தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்ததால் சிக்கியது. பிறகு சூடேறிய உறை விரிந்து ஆறும்போது வரும் ஒளி ‘உறைக்குளிர்வு’. விண்மீனின் ஆரம் பெரிதென்றால் இதன் பிரகாசமும் கூடும். எத்தனை நாள் நீடிக்கிறது என்பது உறையின் நிறையைச் சொல்லும். இரண்டு இரவு மழைமேகம் மறைத்தால் போயிற்று. புறஊதாப் பதிவு இல்லாமல், இடையில் ஒளியை மறைக்கும் தூசியையும் குறைத்து மதிப்பிட்டால் வெப்பநிலை தாழ்வாக வரும், ஆரக் கணக்கு பிசகும்.

வெடித்த விண்மீனுக்கு ‘முன்னோடி’ வேண்டாம்; வெடிப்புக்கு முந்திய சிறு சீற்றத்தோடு குழம்பும். ‘மூலவிண்மீன்’ என்போம்.

—பினாங்கு

தம்பி,

‘உறையிழந்த’, ‘பீறல்’, ‘மூலவிண்மீன்’ மூன்றும் சரி. ‘உறைக்குளிர்வு’தான் இடிக்கிறது. தட்டச்சில் ‘க்’ விழுந்தால் உறைகுளிர் ஆகிவிடும்; பேசுவதோ பல்லாயிரம் பாகை வெப்பத்தில் இருக்கும் வாயுவைப் பற்றி! ‘தணிவொளி’ என்று வைத்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு 2016ஜிகேஜி பொருத்தம். அர்ஜென்டினாவில் ஓர் ஆர்வலர் 40 செ.மீ. தொலைநோக்கியில் புதுக் கேமராவைச் சோதித்தபோது பதிவானது. அது வெடித்த என்ஜிசி 613 விண்மீன் மண்டலம் பினாங்கில் அடிவானத்திலிருந்து 55 பாகை உயரம் ஏறும். 1993ஜே வெடித்த எம்81 மண்டலம் வடக்கே 26 பாகையோடு நின்றுவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘1993ஜே-யின் தணிவொளி சில நாளில் மங்கியது, பிறகு கதிரியக்க நிக்கல்-56 சிதைவால் இரண்டாம் உச்சம் எழுந்தது.’ நாக்கு இடறவில்லை.

—கோலாலம்பூர்