விஎஃப்எக்ஸ் (சினிமாவுக்கான கம்ப்யூட்டர் காட்சி விளைவுகள்) வேலைக்கு வெளிநாடு போக டிகிரி தேவையா?

கேள்வி:
பி.எஸ்சி. விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நியூக் சாஃப்ட்வேரில் கம்போசிட்டிங் (தனித்தனியான படங்களை ஒரே ஷாட்டாக இணைப்பது) ஓரளவு வரும். காலேஜை நிறுத்திவிட்டு ஒரு வருட டிப்ளமோ சேரலாமா? பிற்பாடு லண்டன், வான்கூவர், டோக்கியோ என்று போக நினைத்தால் டிகிரி இல்லாதது தடையாகுமா?

பதில் 1:
தயவுசெய்து நிறுத்தாதீங்க. ஸ்டுடியோக்காரங்க ஷோரீலைப் (நீங்க செஞ்ச வேலையைத் தொகுத்த வீடியோ) பார்த்துத்தான் ஆள் எடுக்கிறாங்க. ஆனா விசா கொடுக்கிறது அவங்க இல்லையே. ஜப்பான்ல இந்த மாதிரி வேலைக்கான விசாவுக்கு, வேலையோட தொடர்புள்ள டிகிரி வேணும். இல்லேன்னா பொதுவா அதே துறையில 10 வருட அனுபவத்தை நிரூபிக்கணும். அமெரிக்காவோட எச்-1பி வேலை விசா இன்னும் கறார். நாலு வருடப் பட்டத்துக்கு ஈடு கேட்பாங்க. ஒரு வருடப் படிப்புக்கு 3 வருட அனுபவம்னு கணக்கு, அதாவது பிளஸ் டூவோட நின்னா 12 வருடம். அங்கேயே ஓ-1 விசாவுக்கு டிகிரி வேண்டாம்தான், ஆனா துறையில பேர் வாங்கினவங்களுக்கானது அது. ஜூனியருக்கு உதவாது.

பதில் 2:
பிரிட்டன் கதை வேற. அங்கே ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு உங்க டிகிரியைக் கேட்கறதில்லை, வேலை எந்தத் தரம்னுதான் பார்ப்பாங்க. 2025 ஜூலை 22-லிருந்து புதுசா போறவங்களுக்குப் பெரும்பாலும் பட்டதாரி நிலை வேலையா இருக்கணும். பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. ரோட்டோ (ஷாட்டில் உருவத்தை வெட்டிப் பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது) மாதிரி ஆரம்பநிலை வேலையில அந்தச் சம்பளம் எட்டுவது கஷ்டம். டிகிரி இருந்தாலும் அங்கேதான் மாட்டும்.

கனடாவுல குடியுரிமைக்கு முந்தைய படியான பிஆர்-க்குத்தான் (நிரந்தரமா தங்கும் அனுமதி) டிகிரி கைகொடுக்கும். பிஆர்-க்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில படிப்புக்குப் புள்ளி உண்டு. அதுக்கு நம்ம படிப்பு கனடாவுல எதுக்குச் சமம்னு சொல்லும் இசிஏ மதிப்பீடு வாங்கணும், 5 வருடம் செல்லும். ஒரே ஒரு அரியர் நின்னாலும் பட்டம் முடிஞ்ச கணக்கில வராது, கடைசி செமஸ்டருக்குள்ள முடிச்சிடுங்க.

கேட்டவர்:
அப்போ டிப்ளமோவை மாலை வகுப்பாக வைத்துக்கொண்டால்?

பதில் 3:
அதுதான் சரி. சேருமுன் ஒன்று பாருங்க: தனியார் இன்ஸ்டிட்யூட் "டிகிரி"ன்னு விளம்பரம் செஞ்சா, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் யுஜிசி பட்டியலில் இருக்கான்னு சரிபாருங்க.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பலர் கோட்டை விடுவது, விசாவுக்கு அனுபவத்தை நிரூபிக்கும் அனுபவக் கடிதத்தில். ரிலீவிங் லெட்டரில் தேதி மட்டும் இருந்தா போதாது. பதவி, செஞ்ச வேலை, முழுநேரமா என்பதெல்லாம் லெட்டர்ஹெட்டில் வேணும். ஸ்டுடியோ மூடிட்டா அப்புறம் யார்கிட்டயும் கேட்க முடியாது, அதனால ஒவ்வொரு இடத்தையும் விடும்போதே வாங்கிடுங்க. சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் எல்லாத்தையும் சேர்த்து வைங்க.

ரீல் ஒன்றரை நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும். எந்த ஷாட்டில் நீங்க என்ன செஞ்சீங்கன்னு தனித்தாளில் எழுதி இணைங்க. வெளிவராத படத்தோட ஷாட்டை ஸ்டுடியோ அனுமதி இல்லாம போடவே கூடாது.