இதயச் செயலிழப்பு மருந்துகளும் பொட்டாசியமும்: சீனியர்கள் விளக்க முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஊர், பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்.

இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அது தூண்டும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வழியாக உடலில் உப்பும் நீரும் தேங்கி, கால் வீங்குகிறது. இதுவரை புரிகிறது. நீர் பிரியும் மாத்திரையான ஃப்யூரோசமைடு சிறுநீரகத்தின் ஹென்லே வளைவில் வேலை செய்து, சோடியத்தோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால், இதயத் துடிப்பை வலுவாக்கும் டிகாக்சின் மருந்து நச்சாகும் வாய்ப்பு கூடுகிறது. செல்களின் சோடியம்-பொட்டாசியம் பம்பில் பொட்டாசியமும் டிகாக்சினும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. சரி. ஆனால் அதே நோயாளிக்கு ஆஞ்சியோடென்சின் வழியைத் தடுக்கும் எனலாப்ரில், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறுமே! அப்போது வார்டில் எதை முதலில் கவனிப்பீர்கள்? நாடி 60க்குக் கீழே இருந்தால் டிகாக்சினைக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று படித்திருக்கிறேன். வேறு என்ன பார்ப்பீர்கள்?

அப்புறம், எனக்கு இதைவிட முக்கியமானது ஒன்று. எங்கள் கரையில் கருவாடு இல்லாமல் பல வீடுகளில் சோறு இறங்காது. உப்பைக் குறையுங்கள் என்றால் குழம்பில் மட்டும் குறைக்கிறார்கள். சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமே என்றும் சொல்ல முடியாது. அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், எனலாப்ரில் எடுப்பவருக்கு ஆபத்து. கடலுக்குப் போகிறவர்களோ படகில் சிரமம் என்று நீர் பிரியும் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி பக்கம் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன்களே, இவர்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? குரல் பதிவாக அனுப்பினாலும் போதும்.